வாசலைத் தாண்டினால் வீராவேசம்!

வீட்டுக்குள் பரம சாது. ஆனால் சங்கிலியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாலோ, சைக்கிள், குடை, அடுத்த தெரு நாய், எதைக் கண்டாலும் ஒரே ஆர்ப்பாட்டம்! உங்களுக்குத் தோள்பட்டை வலி. போதாததற்கு அக்கம்பக்கத்தார் பார்க்கும் பார்வை வேறு. இப்படி ஒரு நாய் உங்கள் வீட்டில் இருக்கிறதா, சகோதரி? திமிர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பயம்தான்.

நாய்க்குட்டி உலகத்தைச் சுலபமாகப் பழகிக்கொள்ளும் பருவம், பிறந்த 3-ம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-ம் வாரம் வரைதான். அந்த நாட்களில் மொட்டை மாடியிலேயே அடைபட்டு வளர்ந்த குட்டிக்குப் பிற்பாடு எல்லாமே பூச்சாண்டி! சங்கிலியில் இருப்பதால் ஓடவும் வழியில்லை. குரைத்து விரட்டப் பார்க்கிறது. பயந்த பிராணியை அடித்தால் பயம் போகுமா? ‘சைக்கிள் வந்தாலே எனக்கு வலிக்கிறது’ என்றுதான் அது பாடம் படித்துக்கொள்ளும்.

இதற்கு முதல் மருந்து, தூரம். சைக்கிளைப் பார்த்தும் குரைக்காமல் நிற்கிற தூரம் எதுவென்று கண்டுகொள்ளுங்கள். 20 அடியோ, 50 அடியோ, நாய்க்கு நாய் மாறும். அங்கேயே நின்று, அது பார்த்த மாத்திரத்தில், உப்பில்லாமல் வேக வைத்த கோழிக்கறித் துணுக்கு ஒன்றைக் கொடுங்கள். சைவ வீடானால் பனீர் துணுக்கு. சைக்கிள் மறைந்ததும் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். ஓசையையும் உணவையும் முடிச்சுப் போட்டுக் காட்டினாரே ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், அவருடைய தத்துவம்தான் இது. நாளடைவில் சைக்கிளைக் கண்டதும் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது இரண்டடி நெருங்கலாம். மறுபடி குரைத்தால் கோபிக்காதீர்கள். அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். திரும்பி நடந்து தூரத்தைக் கூட்டுங்கள்.

கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றிப் போடும் பட்டை நல்லது. சங்கிலியைத் தளர்வாகப் பிடியுங்கள். சந்தடி குறைந்த விடியற்காலையில் 10 நிமிஷம் போதும். குழந்தைகளிடம் சங்கிலியைக் கொடுக்க வேண்டாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவற விடக் கூடாது. கடிக்கப் பாய்கிற நாயானால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அதன் பிறகும் அது எல்லோரோடும் குலாவாமல் போகலாம். பாதகமில்லை. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிற மனிதர்கள் நம் வீட்டிலேயே இல்லையா? எதிரே வருகிறவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உங்களோடு நடந்து வந்தால், அதுவே பெரிய வெற்றி!