மண்பானைத் தண்ணீரில் ஓடிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதன் சத்தம் நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பகலில் தெருச் சத்தமும் டிவி சத்தமும் அதை மறைத்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கிய பிறகுதான் சிபியூ பெட்டிக்குள் ஃபேன் இரைவது காதில் விழும். கோடைக்காலம் என்றால் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வீடு புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. கம்ப்யூட்டர் கூடத்தில், அப்பாவின் கட்டிலும் கூடத்தில். நான் டைப்பிங், டிடிபி வேலைகளை இரவில்தான் செய்வேன். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய பிறகு அப்பாவுக்குத் தூக்கம் மிகவும் லேசாகிவிட்டது. ஒருநாள், "ஏம்ப்பா, அந்த மெஷின் மில்லு ஓடுற மாதிரி இரையுதே, கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டார். வேலையை நிறுத்த முடியாது. சத்தத்தை நிறுத்தலாமே என்று தோன்றியது. அப்போது பிடித்ததுதான் இந்த வாட்டர் கூலிங் ஆசை.

தண்ணீரால் கம்ப்யூட்டரைக் குளிர வைப்பது புதிய விஷயம் இல்லை. 1960களிலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் குழாய் வழியே தண்ணீரை ஓடவிட்டது. 2004ல் ஆப்பிள் தனது பவர் மேக் ஜி5 வரிசையின் வேகமான மாடலில் திரவக் குளிரூட்டலைக் கொடுத்தது. அவற்றில் சில பின்னாளில் கசிந்தும் போயின. காரணம் எளிது. ஒரே அளவு இடத்தில் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் தாங்கிக் கொள்ளும்.

நான் செய்தது இதுதான். பிராசசர் மேல் உட்காரும்படி உட்புறம் வழி விட்ட செம்புக் கட்டி ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். மீன் தொட்டியில் போடும் சிறிய பம்ப் ஒன்று, இரண்டு பிளாஸ்டிக் டியூப், 15 லிட்டர் மண்பானை ஒன்று. மேஜைக்குப் பக்கத்தில் செங்கல் மேல் பானை. பம்ப் பானைக்குள். தண்ணீர் செம்புக் கட்டிக்குப் போய், சூட்டை வாங்கிக் கொண்டு பானைக்கே திரும்பும். பானையின் மேல்புறம் கசிந்து ஆவியாகும்போது தண்ணீர் குளிரும். நாம் குடிக்கும் பானைத் தண்ணீரின் அதே கணக்கு. பெட்டியில் இருந்த ஃபேன்களைக் கழற்றினேன். பவர் சப்ளையின் ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றியது. அன்று இரவு அப்பா நிம்மதியாகத் தூங்கினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

கணக்கு எங்கே உதைத்தது?

65 வாட் பிராசசர் ஒன்று முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால், 15 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் சூடாகும். ஐந்து மணி நேரம் ஓடினால் 20 டிகிரி. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, வாங்கி வைத்துக் கொள்கிறது, அவ்வளவுதான். அதைக் காற்றில் விட்டே ஆகவேண்டும். ஆவியாதல் மூலம் மட்டும் 65 வாட் சூட்டை வெளியேற்ற மணிக்குச் சுமார் 100 மில்லி தண்ணீர் ஆவியாக வேண்டும். இரவு முழுக்க வேலை செய்தும், காலையில் நான் பானையில் ஊற்றிச் சரிசெய்தது அரை லிட்டர்கூட இல்லை. டைப்பிங் போன்ற லேசான வேலை என்பதால் தப்பித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறியதும் பானை குளிர்வது இன்னும் குறைந்தது.

ஐஸ் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடவே கூடாது. ஐஸ் தண்ணீர் ஓடினால் குழாயின் வெளிப்புறம் வியர்த்து, அந்த நீர்த்துளி மதர்போர்டில் சொட்டும். மண்பானைத் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிராது என்பதால் அந்த ஆபத்து இல்லை.

மூன்றாவது மாதம் செம்புக் கட்டிக்குள் வெள்ளை உப்பு படிந்து, பாசியும் பிடித்துத் தண்ணீர் ஓட்டம் குறைந்தது. போர் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் இப்படித்தான் ஆகும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். ஆனால் தினமும் ஆவியாகும் பானைக்கு எத்தனை கேன் வாங்குவது? போதாததற்கு, மூடாத பானைத் தண்ணீரில் கொசுப்புழு. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அப்பாவின் தூக்கத்துக்காகச் செய்த காரியம் அவரைக் காய்ச்சலில் தள்ளப் பார்த்தது. துணி கட்டி மூடினேன்.

சத்தம் இல்லாததே வினையானது

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்ட பிறகு யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் அதில் இருந்தது. பம்ப்பை மட்டும் சுவர் பிளக்கில் சொருகியிருந்தேன். ஒருநாள் இரவு ஒரு மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கியது. ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிடும் என்று நானும் டைப் செய்து கொண்டே இருந்தேன். பம்ப் நின்றது எனக்குத் தெரியவில்லை. ஃபேன் நின்றிருந்தால் காது சொல்லியிருக்கும். சற்று நேரத்தில் பிராசசர் சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. கோயில் கும்பாபிஷேக மலருக்காகச் செய்து வைத்திருந்த 14 பக்கங்களும் கெட்டுப்போன ஃபைலோடு போயின. மறுநாள் அச்சகத்துக்குத் தரவேண்டியது. காப்பி எடுத்து வைக்காதது என் தவறு. கோயில்காரர்களிடம் தலைகுனிந்து நின்றேன்.

நல்லவேளை, பிராசசர் தன்னையே அணைத்துக் காப்பாற்றிக் கொண்டது. டியூப் கழன்றிருந்தால் அந்தப் பம்ப் 15 லிட்டரையும் 230 வோல்ட் ஓடும் பெட்டிக்குள் இறைத்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. மறுவாரமே பானையைக் கொல்லையில் வைத்துவிட்டேன்.

எனவே என் கருத்து இது. கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் வீட்டில் வாட்டர் கூலிங் செய்ய வேண்டாம். கடையில் விற்கும் மூடிய வாட்டர் கூலர் இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதிலும் பம்ப் உண்டு, ரேடியேட்டரில் ஃபேனும் உண்டு. முழு அமைதி அதிலும் கிடைக்காது. சூட்டைச் சுமந்து வேறு இடத்தில் கொட்டுவதைவிட, சூட்டையே குறைப்பதுதான் நல்ல வழி.

நான் பிறகு செய்தவை இவைதான். நீங்களும் செய்து பாருங்கள்.

1. கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து தூசியை அகற்றுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக் கொண்டு பிரஷ்ஷால் துடையுங்கள். செம்மண் தூசி பறக்கும் நம் ஊரில் பாதிச் சத்தம் இதிலேயே குறையும்.

2. பழைய கம்ப்யூட்டர் என்றால் பிராசசர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள்.

3. வேகமாகச் சுற்றும் சிறிய ஃபேனுக்குப் பதில், மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன் போடுங்கள். அதே காற்று, குறைந்த சத்தம்.

4. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் அந்தக் கரகர சத்தம் அடியோடு போகும். அதில் சுற்றும் பாகமே கிடையாது.

5. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பிராசசரின் மேக்ஸிமம் ஸ்டேட் அளவை 99 சதவீதமாக்குங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டர்போ வேகம் நின்று சூடு குறையும். டைப்பிங்குக்கு இதுவே தாராளம். சில கம்ப்யூட்டர்களில் இந்த வசதி கண்ணில் படாது, அப்போது விட்டுவிடுங்கள்.

6. சிபியூவைச் சுவரை ஒட்டியும், மூடிய அலமாரிக்குள்ளும் வைக்காதீர்கள்.

ஆனாலும் பானையோடு பட்டபாட்டை வீண் என்று சொல்லமாட்டேன். சூடு எங்கே பிறக்கிறது, எப்படிப் போகிறது என்பதை அந்தச் சில மாதங்கள்தான் எனக்குக் கற்றுத் தந்தன. செய்துதான் பார்ப்பேன் என்பவர்கள், தூக்கிப் போடப்போகும் பழைய மதர்போர்டில் பகல் நேரத்தில் செய்து பாருங்கள். வேலை செய்யும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

இப்போது என் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பெரிய ஃபேன் சுற்றுகிறது. காதை உற்று வைத்தால்தான் கேட்கும். அந்த மெல்லிய ஓசை எனக்கு வேண்டும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று அது சொல்கிறது. பானைத் தண்ணீரை அப்பா குடிக்கிறார்.