முக்கோணம் தேனீக்காகப் போட்டதல்ல

மருந்துக் கடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "பூ எடுத்திருக்கு, தேனீ வருது, அதுக்கு ஒண்ணும் ஆகாத மருந்தா குடுங்க." கடைக்காரர் டப்பாவைத் திருப்பி முக்கோணத்தைக் காட்டுவார். "சார், இது நீலம். சிவப்பும் இல்ல, மஞ்சளும் இல்ல. ஒண்ணும் செய்யாது." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

அந்த முக்கோணத்துக்கு 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள்தான் அடிப்படை. மருந்தை எலி போன்ற சோதனை விலங்குக்கு வாய்வழியாகக் கொடுத்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் போனால் பாதி விலங்குகள் சாகின்றன என்று கணக்குப் பார்ப்பார்கள். 50 மில்லிகிராம் வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. மனுசனுக்கும் மாட்டுக்கும் எவ்வளவு ஆபத்து என்று ஊகிக்க இது உதவும். தேனீயைப் பற்றி அந்த நிறத்தில் ஒரு சேதியும் கிடையாது.

தயாமீத்தாக்சம் என்ற மருந்து நீல முக்கோணக் கணக்கில் வருகிறது. அதையும், இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின் என்ற அதன் இரண்டு பங்காளிகளையும் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயிர்களில் அடிக்கக் கூடாது என்று தடுத்தது. காரணம் மனிதர்கள் அல்ல, தேனீக்கள். இமிடாகுளோபிரிட் ஒரு தேனீயைக் கொல்லத் தேவையான அளவை ஆய்வகங்கள் நானோகிராமில் சொல்கின்றன. சில நானோகிராம் என்று சொல்வோரும் உண்டு, சில பத்து என்போரும் உண்டு. நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நம்ம பக்கம் விற்கிற 17.8 சதவீத மருந்து 100 மில்லிக் குப்பியில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பாங்கியில் முப்பது வருசத்துக்கு மேல் கணக்குப் போட்ட எனக்கே பூஜ்யங்களை எண்ணக் கை வலித்தது.

இவை ஊடுருவிப் பாயும் மருந்துகள். இலையில் அடித்தாலும் விதையில் நேர்த்தி செய்தாலும் செடிக்குள் ஏறி, தேனிலும் மகரந்தத்திலும் வந்து நிற்கும். "சாயங்காலம் அடிச்சா போதும், தேனீ கூட்டுக்குப் போயிருக்கும்" என்கிற யோசனை இங்கே செல்லாது. மறுநாள் காலையில் அது குடிக்கிற தேனிலேயே மருந்து இருக்கும்.

தடைச் சட்டங்களைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இந்த இடத்தைத் தவறவிடுகிறோம். தமிழ்நாட்டில் தற்கொலைகளைக் குறைப்பதற்காக 2022 இறுதியில் மாநில அரசு ஆறு மருந்துகளுக்குத் தடை விதித்தது. மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் ஆகியவையும் சைபர்மெத்ரின் கலந்த இரண்டு கலவைகளும். நல்ல காரியம். ஆனால் தடை 60 நாளுக்குத்தான். 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிற அதிகாரம் அவ்வளவே. நீட்டித்தால் இன்னும் 30 நாள். ஒரு கத்தரிப் பயிரின் ஆயுளுக்குக்கூட எட்டாத தடை.

மத்திய அரசின் வேகமோ இன்னொரு கதை. பீகாரில் 2013-இல் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்ற உத்தரவு அதற்கும் முன்பே இருந்தது. ஆனாலும் அதன் 36 சதவீதத் திரவத்தின் பதிவு ரத்தாக 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மருந்து போனால் கடையில் அந்த இடம் காலியாக இருக்காது. சிவப்பு முக்கோணம் போன இடத்தில் நீலம் வந்து உட்காரும். அடிக்கிற ஆளுக்கு அது கொஞ்சம் தேவலைதான், மறுக்கவில்லை. கையுறை இல்லாமல், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு டேங்கைச் சுமக்கிறவர்களை நினைத்தால் அந்த மாற்றத்தை நான் வரவேற்கவே செய்வேன். ஆனால் மனுசனுக்குக் குறைந்த ஆபத்து தேனீக்குக் கூடின ஆபத்தாக முடியலாம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இதனால் என்ன நட்டம் என்று கீரனூர்ப் பக்கத்து உழவர்கள் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. இங்கே பெரும்பாலான நிலத்தில் நெல், கடலை, உளுந்து. நெல்லுக்குத் தேனீ வேண்டாம். கடலை பூ விரியும்போதே தன்னைத்தானே சேர்த்துக்கொள்ளும். தேனீ ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இந்தப் பயிர்களின் மகசூல் குறையாது. ஆகவே தேனீ போனது யாருக்கும் தெரியாது. போனது தெரிவது வரப்பில் போட்ட துவரையில், கூரையில் ஏற்றிவிட்ட பூசணியில், வேலியோரத்து முருங்கையில். பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிரும் பூசணிக்கும் கோணல்மாணலாகக் காய்க்கும் வெள்ளரிக்கும் உரக்குறை என்று சொல்லி இன்னொரு பாக்கெட் வாங்கி வருகிறோம். சோறு தேனீ இல்லாமலே கிடைத்துவிடும். சோற்றோடு சேர்கிற காயும் பழமும்தான் குறையும். உடம்புக்கு வேண்டிய சத்துகளில் பாதி அதில்தானே இருக்கிறது?

நம் மாவட்டத்துக்கு முந்திரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆதனக்கோட்டை வழியாகப் போகிறவர்கள் வறுத்த முந்திரி வாங்காமல் போவதில்லை. முந்திரி மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. பூச்சி வந்து தொட்டால்தான் கொட்டை. அந்தப் பூங்கொத்து விரிகிற நேரத்தில்தான் தேயிலைக் கொசுவும் வரும். (பேர்தான் கொசு. சாறு உறிஞ்சும் நாவாய்ப் பூச்சி அது.) துளிர்விடும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, பிஞ்சு பிடிக்கும்போது ஒன்று என்று மூன்று தெளிப்புக்குப் பரிந்துரை இருக்கிறது. நடு தெளிப்பு நேராகப் பூவின் மேல் விழுகிறது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது வருசத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததும் இதே கொசுவுக்காகத்தான். அங்கே மனிதர்களுக்கு என்ன ஆனது என்று இந்த இதழ் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்திரி மரத்தில் இலையைத் தைத்துக் கூடுகட்டும் முசுறு எறும்பு தேயிலைக் கொசுவை நன்றாகவே பிடித்துத் தின்னும். கடிக்கிறது என்று அதன் கூட்டைக் கொளுத்துகிறோம். பிறகு மருந்துக்குக் கடன் வாங்குகிறோம்.

தேனீ என்றதும் பெட்டித் தேனீயை மட்டும் நினைக்கிறோம். கத்தரிப் பூவுக்குப் பெட்டித் தேனீ பெரிதாக உதவாது. அதன் மகரந்தப் பை நுனியில் ஊசித் துளை மட்டும் உள்ள குழல். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டால்தான் தூள் கொட்டும். இந்த வித்தை கருப்பாகக் குண்டாக ரீங்காரமிட்டு வரும் தச்சுத் தேனீக்கும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீக்கும் தெரியும். முதலாவது காய்ந்த மூங்கிலையும் பட்டுப்போன கிளையையும் துளைத்து முட்டையிடும். இரண்டாவது வரப்பிலும் பழைய மண்சுவரிலும் பொந்து போடும். தோட்டம் 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்று மட்டையையும் மூங்கிலையும் எரித்து, வரப்பைச் செதுக்கிக் களைக்கொல்லி அடித்தால் இவை எங்கே போகும்? அரசு மானியத்தில் பெட்டி கொடுக்கிறது, 2020-இல் தேனீ வளர்ப்புக்கென்று 500 கோடியில் ஒரு தேசிய இயக்கமும் வந்தது. மானியத்தில் பெட்டி கிடைக்கும். நீலப்பட்டைத் தேனீ கிடைக்காது.

இனி நம் பக்கம். இயற்கை விவசாயிகளாகிய நாமும் பூவில் அடிக்கிறோம். வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்த கரைசல் நேராக மேலே பட்டால் தேனீயின் மூச்சுத் துளைகள் அடைபடும். அது வேம்பா வேறா என்று தேனீ பார்க்காது. மண் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட் பல நாடுகளில் இயற்கை வேளாண்மைக்கு அனுமதி பெற்றது. இலையில் ஈரம் காய்கிறவரை அது தேனீக்கு எமன். மஞ்சள் ஒட்டுப்பொறியில் ஒட்டியிருப்பதை ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், வெள்ளை ஈ மட்டும் இருக்காது. விளக்குப் பொறியை விடிய விடிய எரியவிடுவதும் இப்படித்தான். அந்திப்பொழுதில் ஓரிரு மணி நேரம் போதும்.

"சாயங்காலம் அடி" என்று நாமும் சொல்கிறோம். பூசணி விடியலில் விரிந்து உச்சிக்குள் மூடிக்கொள்ளும், பாகலுக்கும் வெள்ளரிக்கும் காலைதான். இவற்றுக்கு மாலைத் தெளிப்பு சரி. சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் விரியும், புடலை இரவில். இவற்றைத் தேடி வருவது அந்துப்பூச்சி. ஒரே பந்தலில் பாகலும் புடலையும் ஏற்றியிருக்கிறவர் எந்த நேரத்தில் அடித்தாலும் யாரோ ஒருவர் வேலையைக் கெடுக்கிறார். பூத்திருக்கும்போது எதையும் அடிக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. பூவுக்கு முன்னே கவனித்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். நம்மில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

இந்தியத் தேனீ தன் கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுற்றி மேயும். ஒரு கிலோமீட்டர் ஆரம் என்றால் கிட்டத்தட்ட 775 ஏக்கர். நான் இயற்கையில் வைத்திருப்பது மூன்று ஏக்கர். சான்றிதழ் என் வேலியோடு நின்றுவிடும், தேனீ நிற்காது. கீரனூருக்குப் பக்கத்தில் ஓடுகம்பட்டியில் நம்மாழ்வார் ஐயா தொடங்கிய குடும்பம் அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. வறண்ட நிலத்தை மரமும் மண்ணுமாக மீட்டுக் காட்டிய இடம், ஆயிரக்கணக்கானவர்கள் வந்து கற்றுக்கொண்டு போன இடம். அப்படிப்பட்ட பண்ணையிலிருந்து பறக்கிற தேனீயும் பக்கத்து வயல் பூவில்தான் உட்கார்ந்தாக வேண்டும். எனவே ரசாயனம் அடிக்கிற பக்கத்து வயல்காரரோடு நாம் பேசித்தான் ஆக வேண்டும். அவரை மாற்றுவதற்கு அல்ல, தேதி பேசுவதற்கு.

நான் பேசினேன். மூன்று பேரில் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க பென்ஷன் வாங்குறீங்க சார். பூச்சி தின்னாலும் உங்களுக்கு அடுப்பு எரியும். எனக்கு சொசைட்டில கடன் இருக்கு." அதற்குப் பதில் சொல்ல என்னிடம் தத்துவம் இல்லை. மருந்தை விடச் சொல்லவில்லை, துவரையும் பூசணியும் பூத்திருக்கிற நாள்களில் மட்டும் தள்ளிப் போடுங்கள், கத்தரிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாடின நுனிக்குருத்தைக் கிள்ளி அழியுங்கள், என்ன அடிப்பதானாலும் முதல் நாளே எனக்கொரு போன் போடுங்கள், பெட்டியை மூடி வைத்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். கடன் இருக்கிறவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ரசாயனக்காரரோடு என்ன சமரசம் என்று நம் கூட்டங்களில் சிலர் கேட்பார்கள். ஊரே மாறட்டும் என்று காத்திருக்க நமக்கு நாள் இருக்கலாம். தேனீக்கு இருக்கிறதா?

எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடவும் கூடாது. கன்னியாகுமரியில் 1990-களின் தொடக்கத்தில் தேனீக் கூட்டங்கள் ஆயிரக்கணக்கில் அழிந்தது தாய்லாந்துப் பைப்புழு வைரஸ் நோயால். கஜா புயல் 2018-இல் நம் மாவட்டத்தில் சாய்த்த மரங்களில் எத்தனை பொந்துக் கூடுகள் போயினவோ. ஆனால் நோயும் புயலும் நம் கையில் இல்லை, தெளிப்பான் நம் கையில் இருக்கிறது.

கடன் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அது எனக்குத் தெரிந்த துறை. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. அந்தச் சாகுபடிச் செலவுக் கணக்கில் விதைக்கு ஒரு தொகை, உரத்துக்கு ஒரு தொகை, பயிர்ப் பாதுகாப்பு என்று மருந்துக்கு ஒரு தொகை. மருந்துச் செலவை எதிர்பார்த்தே கடன் அளவு போடப்படுகிறது. அதே தொகைக்குப் பொறியும் ஒட்டுண்ணி அட்டையும் ஒரு தேனீப் பெட்டியும் வாங்கலாம் என்று அந்தத் தாளில் ஒரு வரி சேர்ப்பதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட அளவில் முடிகிற வேலை. அந்தக் குழுவில் உழவர்களின் கருத்தும் கேட்கப்படுவது உண்டு. கேட்கும்போது நாம் அங்கே இருப்பதில்லை, அவ்வளவுதான்.

மாதாந்திரக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கோரிக்கைதான். கடன் அளவுத் தாளில் அந்த ஒரு வரி. பூக்கும் பருவத்தில் விற்கிற மருந்துக்குத் தேனீக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று கடைக்காரர் ரசீதிலேயே தமிழில் குறிக்க வேண்டும் என்ற உத்தரவு. குளத்தூர், இலுப்பூர், ஆலங்குடி வட்டங்களில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் எந்தப் பயிர் எந்த மாதம் பூக்கிறது, அப்போது என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். மனுவோடு இணைத்துக் கொடுப்போம். முந்திரிக்காரர்கள் தை பிறப்பதற்குள் கொடுத்தால் நல்லது, மாசியில் பூ நிறைந்துவிடும்.