ஆயகர் பவன் கணக்கில் நம்ம வயல் கிடையாது



"வருமான வரி வசூல் கூடியது, பொருளாதாரம் வளர்கிறது" என்று வருஷா வருஷம் பேப்பரில் போடுகிறார்கள். அதை டீக்கடையில் படிச்சுட்டு, "நாடு நல்லாத்தானே இருக்கு, நீங்க எதுக்குய்யா கொடி பிடிக்கிறீங்க?" என்று நம்மையே கேட்கிறவர்களும் உண்டு. இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வருமான வரி மத்திய அரசு வாங்குகிற வரி. தமிழ்நாட்டில் அதற்குத் தலைமையிடம் சென்னை நுங்கம்பாக்கத்து ஆயகர் பவன். அங்கே ஏறுவது யார் பணம்? அடையாறில் குடியிருக்கும் சாப்ட்வேர் இன்ஜினியர் சம்பளத்தில் பிடித்தது, மயிலாப்பூர் வக்கீலும் டாக்டரும் கட்டியது, தி.நகர் நகைக்கடை, ஜவுளிக்கடை முதலாளிகள் கட்டியது. விவசாய வருமானத்துக்கு வருமான வரிச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அந்த விலக்கை நாம் எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ஒன்று புரிஞ்சுக்கணும். நம் வயல் விளைந்தாலும் சரி, கருகினாலும் சரி, அந்த வசூலில் ஒரு ரூபாய்கூட நேரடியாக ஏறாது, இறங்காது.

2016ஐ மறந்திருக்க மாட்டீர்கள். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. காவிரியிலும் தண்ணீர் இல்லை. சம்பா கருகியது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசே அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றது. மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்தார்கள். அதே 2016-17ல் நாட்டின் நேரடி வரி வசூல் எவ்வளவு? முந்தின வருஷம் 7.42 லட்சம் கோடி, அந்த வருஷம் சுமார் 8.5 லட்சம் கோடி! வரிக் கணக்கை மட்டும் பார்த்தவனுக்கு அது பொன்னான வருஷம்.

மகாராஷ்டிரத்தையும் பாருங்கள். வருமான வரி வசூலில் முதலிடம் அந்த மாநிலம்தான், காரணம் மும்பை. விவசாயிகள் தற்கொலையிலும் அதுதான் முதலிடம். ஒரே மாநிலம், இரண்டு கணக்கு.

சம்பளக்காரர் நமக்கு எதிரி இல்லை. 2019ல் கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். 2023-24ல் கம்பெனிகள் கட்டியது சுமார் 9.11 லட்சம் கோடி, தனிநபர்கள் கட்டியது சுமார் 10.44 லட்சம் கோடி. பாரம் யார் தலையில் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

"விவசாயி வரியே கட்டுறதில்லை" என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூச்சிமருந்து டப்பாவுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுவது யாராம்? பண்ணை வீடு வாங்கிப் போட்டுவிட்டு பட்டணத்து வருமானத்தை 'விவசாய வருமானம்' என்று காட்டுகிறவன் வேறு ஜாதி. சரிவரச் சோதிக்காமலே பல கேஸ்களில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று 2019ல் மத்திய தணிக்கைத் துறையே சொன்னது. அவனைப் பிடிக்கட்டும், நாம் தடுக்கவில்லை.

கிராமத்துக்கு அளவுகோல் இல்லாமலா போச்சு? கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எத்தனை ஏக்கர் தரிசு என்று இருக்கிறது. கூட்டுறவு சங்கத்து லாக்கரில் மீட்காத நகை எத்தனை பவுன் என்று இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை இறங்கியது என்று இருக்கிறது. தி.நகரில் நகை விற்பனை கூடினால் வளர்ச்சி என்கிறார்கள். நம் ஊரில் அடகு நகை கூடினால் அதுக்கு என்ன பேர்?

இந்த மூன்று கணக்கையும் தாலுகா வாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும், கடன் தள்ளுபடியையும் வறட்சி நிவாரணத்தையும் அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது நம் கோரிக்கை. ஜமாபந்தி அன்றைக்கு ஒவ்வொருவரும் அடங்கல் நகலும், நகைக்கடன் ரசீது நகலும் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு வாங்க. மனுவைச் சங்கம் எழுதித் தரும்.