குழி வெட்டும் எந்திரமும் நம் கூலியும்



திருவனந்தபுரத்து ரோட்டோரங்களில் கேபிள் குழி வெட்டியவர்கள் யார்? தொலைபேசிக் கம்பியும் மின்கம்பியும் மண்ணுக்கடியில் போன இடமெல்லாம் நம்மவர் மம்பட்டி பட்ட இடந்தான். மீட்டருக்கு இவ்வளவு என்று பேசி, விடியுமுன் கடப்பாரையோடு இறங்குவார்கள். மாலையில் மேஸ்திரி டேப் பிடித்தால் அரை மீட்டர் எப்படியோ குறைந்துவிடும்! என் தகப்பனாரின் உள்ளங்கை கடைசிவரை காய்த்தே கிடந்தது.

இன்று அந்த வேலைக்கு எந்திரம் வந்துவிட்டது. சங்கிலியில் இரும்புப் பற்கள் சுழல்கின்றன. ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் சால் விழுகிறது. ஒரு கூட்டமே நாள் முழுதும் வெட்டுவதை ஓரிரு ஆட்கள் முடிக்கிறார்கள். சூரிய மின் நிலையங்களில்தான் இதற்குப் பெரிய வேலை.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியைப் பாருங்கள். 2016ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள், ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் கேபிள். கட்டும்போது 8,500 பேர் உழைத்ததாக அதை நிறுவிய அதானி நிறுவனமே கணக்குச் சொன்னது. கட்டி முடிந்தபின் தகடு துடைக்கவும் எந்திரந்தான். மழை பொய்த்து நம்மை மலையாளக் கரைக்கு விரட்டிய அதே கரிசல் பூமி இன்று வெயிலை விற்கிறது. அந்த விற்பனையில் நமக்கென்ன பங்கு?

எந்திரத்தை உடைக்கச் சொல்லும் கூட்டம் அல்ல நாம். முதுகு ஒடியும் வேலை ஒழியட்டும். ஆனால் வேலை முழுதும் ஒழியவில்லை என்பதையும் கவனியுங்கள். பழைய கேபிள் ஓடும் இடத்தில் எந்திரத்தை விட முடியாது. திருப்பங்களிலும் வெட்டுக்கல் பாறையிலும் அது திணறுகிறது. அங்கே கடப்பாரைதான். 11 கிலோவோல்ட் கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்க வேண்டும். கீழே மணல், மேலே மணல், அதன்மேல் செங்கல் அல்லது ஓடு, பிறகுதான் மண் மூட வேண்டும். மணல் பரப்புவதும் கேபிள் இழுப்பதும் மனிதக் கைதான். ஆபத்தான மிச்ச வேலை நமக்கு. ஆசனத்தில் அமர்ந்து ஓட்டும் வேலையும் அதற்குரிய கூலியும் வேறொருவருக்கு. இதுதான் நம் வழக்கு.

ஆகவே கேட்கிறோம்: எந்திரம் ஓட்ட நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடு. ஐ.டி.ஐ. வாசலில் ‘வெளி மாநிலத்தான்’ என்று திருப்பாதே. கையால் வெட்டும் இடத்துக்கு மீட்டர் கணக்கு வேண்டாம், நாள் கூலி கொடு. சங்கிலி சுழலும்போது சால் ஓரத்தில் ஆளை நிறுத்தாதே. ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும் பள்ளத்துக்குப் பலகை முட்டுக் கொடு. மண் சரிந்தபின் மாலை போட்டு என்ன பயன்?

இன்னொன்று. மின் உற்பத்தி, மின் கடத்தல் சார்ந்த கட்டுமான வேலையும் 1996ம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. செலவில் குறைந்தது நூற்றுக்கு ஒரு ரூபாய் நலநிதிக்குப் போகவேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்த, 18 முதல் 60 வயது வரையுள்ளவர் பதியலாம். வெளி மாநிலத்தாருக்கென்று கேரளத்தில் 2010 முதலே தனித் திட்டமும் உண்டு. நம்மில் பலர் பதியவில்லை. காரணம்? 90 நாளுக்குச் சாட்சி இல்லை. காண்டிராக்டர் பெயர்கூடத் தெரியாமல் மேஸ்திரியை மட்டும் நம்பி வேலைக்குப் போகிறோம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, இடம், காண்டிராக்டர், வாங்கிய கூலி என்று தினமும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளி போகும் பிள்ளை எழுதட்டும். நோட்டையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை சங்க அறைக்கு வாருங்கள். மனு எழுத நான் இருப்பேன். இரவு டியூட்டி விழுந்தால் வேறு தோழர் இருப்பார்.