இலைப்புள்ளிக்குச் சத்தா, மருந்தா?

லயத்து வீடானாலும் பட்டணத்து வீடானாலும் பின்புறத்தில் நாலு மிளகாய்ச் செடி வைப்பது நம் வழக்கம். அடைமழைக்குப் பிறகு அந்தச் செடிகளின் இலைகளில் வட்டவட்டமாகப் புள்ளி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் சாம்பல் வெள்ளை, ஓரத்தில் கரும்பழுப்பு. தவளையின் கண்போல் இருக்கும். பிறகு இலை மஞ்சளாகி உதிர்ந்துவிடும். இது செர்க்கோஸ்போரா என்னும் பூஞ்சைக் காளானின் வேலை.

உடனே கடைக்குப் போய், இலைக்குச் சத்து என்று விற்கும் புட்டியை வாங்கி வந்து தெளிக்கிறோம். புள்ளி நிற்பதில்லை, சம்பளக் காசு போனதுதான் மிச்சம். ஏன்?

துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, போரான் ஆகியவை செடிக்குச் சிறிதளவே வேண்டிய நுண்சத்துகள். இவை குறைந்தால் இலை வலுவிழந்து நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். குறையைத் தீர்த்தால் இனி வரும் இலைகள் திடமாக வரும். ஆனால், விழுந்துவிட்ட புள்ளியை எந்தச் சத்தும் ஆற்றாது. குறையே இல்லாத செடிக்குத் தெளிப்பது வீண். அளவு மீறினால் இலை கருகிப் போகும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. துளிர் இலைகள் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் சத்துக் குறை என்று ஐயுறலாம். துத்தநாகக் குறைக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, வெயில் தணிந்தபின் தெளிக்கலாம். புள்ளிகள் அங்குமிங்குமாகச் சிதறி, அடி இலைகளில் தொடங்கினால் அது நோய்.

நோய்க்கு முதல் மருந்து நம் கையே. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிப் புதைத்துவிடுங்கள். நீரை இலைமேல் கொட்டாமல் வேரில் ஊற்றுங்கள். காற்றோட்டம் இருக்கும்படி இடைவெளி விட்டு நடுங்கள்.

செம்பு மட்டும் இருவேடம் போடும். சிறிதளவில் அது சத்து. கூடுதலானால் காளானைக் கொல்லும் மருந்து. பிரான்சின் போர்டோ நகரப் பேராசிரியர் மிலார்டே 1885-இல் திராட்சை இலை நோய்க்கு அறிவித்த போர்டோ கலவை இதுதான். 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுண்ணாம்பை மற்றோர் அரை லிட்டரிலும் கரையுங்கள். துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. இரும்பு வாளி கூடாது. பளபளப்பான பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.

இதுவும் வருமுன் காக்கும் மருந்துதான். ஆகவே முதல் புள்ளி தெரிந்தவுடனே தெளியுங்கள். மூக்கையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். தெளிக்குமுன் காய்களைப் பறித்துவிடுங்கள். பிறகு பறிப்பவற்றை நன்றாகக் கழுவியபின் அம்மிக்குக் கொண்டு போங்கள்.