பால் சோதனை எங்கே நடக்க வேண்டும்?

2008இல் சீனாவில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்த பால்மாவுக்கு 6 குழந்தைகள் பலியாயினர். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளக்காது, நைட்ரஜனை அளந்து கணக்கிடும். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலும் சோதனையில் தேறிவிட வேறென்ன வேண்டும்?

இன்று ஆய்வகங்களில் புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் கார்பன் நுண்புள்ளிகளால் மெலமைனைப் பிடிக்கிறார்கள். அவற்றின் ஒளியைத் தங்க நானோ துகள்கள் அமுக்கி வைக்கும்; மெலமைன் சேர்ந்தால் துகள்கள் திரண்டுவிட, ஒளி மீளும். பாலின் கொழுப்பும் புரதமும் அளவீட்டைக் குழப்பும் என்பதால் முதலில் அவற்றை நீக்கியாக வேண்டும். அதையும் சேர்த்துச் செய்யும் மலிவான கருவிக்கு அரசுகள் பணம் ஒதுக்கட்டும். அதை வைக்க வேண்டிய இடம் கொள்முதல் நிலையம். சீனாவில் கலப்படம் பெரும்பாலும் நடந்ததே அங்குதான்.