'பாடு' என்றால் கஷ்டம் மட்டும்தானா?

'குழந்தைகளை ஆளாக்க ரொம்பப் பாடுபட்டேன்' என்று சொன்னால், பாடு என்பது கஷ்டம். பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் மீனவக் குப்பங்களில் அதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஏரியில் இறால் வலை கட்டும் இடத்தையும், அந்த இடத்தை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அங்கே 'பாடு' என்கிறார்கள். இலங்கையின் முல்லைத்தீவில் கரைவலை இழுக்கும் இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் 'படு' என்ற வினை. சுடு - சூடு, கெடு - கேடு, பெறு - பேறு என்பதுபோல, முதல் எழுத்து நீண்டு படு - பாடு ஆனது. படுதல் என்றால் விழுதல், நேர்தல், சிக்குதல். வலையில் மீன் பட்டால் மீன்பாடு. மனிதருக்குத் துன்பம் நேர்ந்தால் அதுவும் பாடு.

'படு' இன்னொரு சொல்லோடு சேர்ந்தால் புது வினை கிடைக்கும். அகம் + படு = அகப்படு; உள்ளே சிக்கு. புறம் + படு = புறப்படு; வெளியே கிளம்பு. சென்னைப் பேச்சில் 'ஆப்ட்டுக்கினான்' என்பதும் இந்த அகப்படுதான்!

இப்படி முன்னால் ஒரு சொல்லை ஒட்டி வினை ஆக்குவதில் ஜெர்மானியர்கள் கெட்டிக்காரர்கள். 'ஃபாங்கென்' என்றால் பிடி. மீன் பிடிக்கவும் அதே சொல். முன்னால் 'ஆன்' சேர்த்து 'ஆன்ஃபாங்கென்' என்றால் தொடங்கு. வேலையைக் கையில் பிடித்தால் தொடங்கியதாகத்தானே அர்த்தம்? நாமும் வேலையைக் 'கையில் எடுத்தேன்' என்கிறோம்.

மறுபடி பழவேற்காட்டுக்கு வருவோம். நல்ல இடம் எப்போதும் வலுத்தவருக்கே போய்விடக் கூடாது என்று, சீட்டுப் போட்டு முறை பிரிப்பதுதான் பாட்டின் நோக்கம். ஆனால் பரம்பரை உரிமை உள்ள ஊர்களுக்கே அதில் இடம் என்பதால், உரிமை இல்லாத ஊர்களோடு தகராறும் உண்டு. முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கடல்நீர் வரத்துக் குறைந்தால் இறாலும் குறைந்துவிடும். அப்போது பாடு கிடைத்தும் மீன்பாடு இருக்காது. குடும்பத்தின் பாடுதான் திண்டாட்டம்.